சரக்கும் மினுக்கும்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும்தான் என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. சதுரங்கத்துக்குத் தூரத்து உறவான ஒரு வகையும் அதில் உண்டு. முறை வைத்துக் காய் நகர்த்தி, நகரம் கட்டி, பூதங்களையும் மந்திரவாதிகளையும் ஏவி நாடு பிடிக்கும் ஆட்டம். இதன் ரசிகர்களிடையே தீராத வழக்கு ஒன்று இருக்கிறது: ஆட்டத்துக்குச் சரக்கு முக்கியமா, மினுக்கு முக்கியமா?

சரக்குக் கட்சியின் முதல் சாட்சி, அமெரிக்காவின் சிம்டெக்ஸ் நிறுவனம் 1994-இல் உருவாக்கிய 'மாஸ்டர் ஆஃப் மேஜிக்'. 14 இனங்கள், 200-க்கு மேற்பட்ட மந்திரங்கள், இரண்டு உலகங்கள். வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. நடு ஆட்டத்தில் அப்படியே நின்றுபோகும். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டரும் பெரிய கெட்டிக்காரன் அல்ல. இருந்தும் ரசிகர்கள் தாங்களே திருத்தித் திருத்தி ஆடினார்கள். 2022-இல் புது மெருகோடு மறுபிறவியும் எடுத்தது.

அடுத்த சாட்சி இன்னும் விசித்திரம். சுவீடனில் இரண்டே பேர் சேர்ந்து உருவாக்கிய 'டொமினியன்ஸ்' வரிசை. 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பில் படைவகைகள் மட்டும் 1,500-க்கு மேல்! உலகத்துப் புராணங்களையெல்லாம் வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கைலாசம், இலங்கை, பாதாளம் எல்லாம் இந்த வரிசையில் ஆடக்கூடிய நாடுகள். இலங்கையில் ராட்சசர்கள், பாதாளத்தில் நாகர்கள். படங்களோ புள்ளி வைத்த கோலம் போலச் சின்னஞ்சிறியவை.

சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. சின்னப் படம் ஒன்று, சில எண்கள், நாலு வரி வர்ணனை. புதுப் பூதம் தயார். முப்பரிமாண ஆட்டத்தில் அதே பூதம் நடக்க வேண்டும், வாள் வீச வேண்டும், அலறி விழுந்து சாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிச் செலவு. எனவே மினுக்கு ஏற ஏற, பூதங்களின் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும்.

அப்படியானால் மினுக்கு வேண்டாமா? 1999-இல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' மூன்றாம் பாகத்தைப் பாருங்கள். 8 வகை நகரங்கள், நகரத்துக்கு 7 படைவகை, ஒவ்வொன்றிலும் இரண்டு தரம். கண்ணுக்கும் குளிர்ச்சி. 2015-இல் படங்களைத் துலக்கி மறுபடி வெளியிட்டபோது, பின்னால் வந்த இரண்டு இணைப்புகளையும் விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் பலர் பழைய பதிப்பையே கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் 'ஹீரோஸ்' ஆட்டத்தில் எதன் மேலும் மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் விவரம் வந்து நிற்கும். நான் மெருகு என்று சொல்வது இதைத்தான். டொமினியன்ஸில் சண்டைக்கு முன்பே கட்டளை கொடுத்துவிட்டு, நடப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தோற்றால் ஏன் தோற்றோம் என்று புதியவருக்கு லேசில் விளங்காது. பெட்டி நிறையப் பட்டுப்புடவை இருந்தும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் கதை!

வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்குவதானால் முதலில் 'ஹீரோஸ்' வாங்குங்கள். அது அலுத்தபின் 'டொமினியன்ஸ்'. தடிமனான அதன் கையேட்டை அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.