செய்கையே அடையாளம்

வழிப்பறியும் தாக்குதலும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடுவதால், அவை முன்னறிவிப்பே இல்லாமல் நேர்பவை என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் தீங்கு செய்ய வருபவனுக்கு, தனக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுக்கவும், அந்த ஆளின் கவனம் எங்கே இருக்கிறதென்று பரீட்சிக்கவும், சந்தேகத்துக்கு இடமில்லாத ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லிக் கையெட்டும் தூரத்துக்குள் வரவும் சற்று நேரம் தேவைப்படுகிறது. அவன் செலவிடும் அந்தச் சில நிமிஷங்களே நம்மைக் காத்துக்கொள்ள நமக்குக் கிடைக்கும் அவகாசமாகும்.

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்ணின் தாலிச் சங்கிலி பறிபோகும் விதத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் வீட்டை மெதுவாகக் கடந்து தெருக்கோடி வரை போய், காரணமின்றித் திரும்பி வருகிறார்கள். பின்னால் இருப்பவன் மட்டும் இறங்கி, ஒரு துண்டுச் சீட்டை நீட்டி விலாசம் விசாரித்துக்கொண்டே ஓரடி ஓரடியாக நெருங்குகிறான். ஓட்டி வந்தவனோ ஹெல்மெட்டைக் கழற்றாமலும் எஞ்சினை நிறுத்தாமலும், வண்டியைப் பெரிய தெருவை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நோக்கினால் குற்றமற்றதே; யாவும் ஒன்றாகச் சேரும்போதோ அபாயத்தின் லட்சணம் பூர்த்தியாகிவிடுகிறது.

பட்டப்பகலில் நடக்கும் மற்றொரு வஞ்சகம் இதைவிட நயமானது. தன்னை மப்டியில் இருக்கும் போலீஸ்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒரு மூதாட்டியை வழிமறிப்பவன், அடுத்த தெருவில் திருட்டு நடந்திருப்பதாகப் பயமுறுத்தி, நகைகளைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைக்கும்படி புத்தி சொல்லி, மடித்துத் தருவது போலப் பொட்டலத்தையே மாற்றிவிடுகிறான். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே இருப்பது கூழாங்கல். கேளாத உதவியும் யோசிக்கவிடாத அவசரமும் சேர்ந்து வந்தால் அங்கே ஜாக்கிரதை அவசியம்.

சந்தேகிக்க வேண்டியது செய்கையையே. உடையையோ பாஷையையோ வறுமையையோ அல்ல. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தைத் தரிசிக்க வந்து வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அந்நியர் என்பதையே குற்றமாக்கிய அந்த மூர்க்கத்துக்கும் விவேகத்தோடு கூடிய எச்சரிக்கைக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை; முன்னது கூடி அடிக்கத் தூண்டுகிறது, பின்னதோ ஓரடி விலகி நிற்கச் சொல்வதோடு திருப்தியடைகிறது.

அந்த ஓரடியை எடுத்துவைக்கவிடாமல் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் தாட்சண்யமே. முகங்கொடுத்துப் பேசாவிட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று கூசி, உள்மனம் உறுத்துவதையும் பொருட்படுத்தாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறோம். வாசல் கேட்டுக்கு உட்புறம் போய் நின்று பதில் சொல்லலாம். உண்மையிலேயே விலாசம் தேடி வந்தவருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஒருவன் பின்தொடர்வதாகத் தோன்றினால் எதிர்ப்பக்கம் கடந்து பார்த்து, அவனும் கடந்தால், வீட்டுக்குப் போகாமல் ஜனநடமாட்டமுள்ள கடைக்குள் நுழைந்து 112க்குப் போன் செய்யலாம். மீறிக் கை வைத்துவிட்டானானால், சங்கிலியைப் பற்றிக்கொண்டு வண்டியோடு இழுபட்டுப் போவதைவிட அதை விட்டுவிடுவதே உத்தமம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பறிப்பைத் தனிக் குற்றமாக வகுத்து 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்திருக்கிறது. போன பொருளைச் சட்டத்தின் மூலம் தேடலாம், போன உயிரை எங்கே தேடுவது?

பார்த்து நிற்பவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. அருகில் ஆட்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவரும் மற்றவர் உதவுவார் என்று சும்மா இருந்துவிடுவதை, டார்லி, லடானே என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 1968இல் பரிசோதனை மூலம் காட்டினார்கள். ஆகவே ஆபத்தில் சிக்கியவர் பொதுவாகக் கூவுவதைவிட, "நீலச் சட்டை அண்ணா, போலீஸுக்குப் போன் பண்ணுங்க!" என்று ஒருவரைச் சுட்டி அழைப்பது பலன் தரும். அந்த அழைப்புக்குக்கூடக் காத்திராமல், எதிர்வீட்டுக்காரர் "என்னம்மா, யாரு அவங்க?" என்று உரக்கக் கேட்டுவிட்டால் போதும், தனித்திருப்பவரைத் தேடி வந்தவன், அங்கே தனித்திருப்பவர் எவருமில்லை என்று தெரிந்துகொள்வான்.