திருடனுக்கு எத்தனை நிமிடம் தேவை?

'வெளியூர் சென்றிருந்தவரின் வீட்டுப் பூட்டை உடைத்து, பீரோவில் இருந்த நகைகளை மர்ம நபர்கள் திருடிச் சென்றனர்.' நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்தச் செய்தி இல்லாத வாரம் அரிது. ஊர் மாறும், சவரன் கணக்கு மாறும், வாக்கியம் மட்டும் மாறாது. படித்ததும், 'இன்னும் நல்ல பூட்டாகப் போட்டிருக்கலாமே' என்றுதான் தோன்றும். ஆனால், அந்த வாக்கியத்தில் பூட்டு இரண்டாவதாகத்தான் வருகிறது. வீட்டில் ஆள் இல்லை, கதவு தாக்குப்பிடிக்கவில்லை, பொருள் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது என்று மூன்று சங்கதிகள் அதில் அடக்கம். குற்றவியல் ஆய்வாளர்கள் சுமார் அரை நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருப்பதும் இந்த மூன்றைத்தான்.

வீடே சொல்லிவிடும் சேதி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தது, படிப்பு பெருகியது. ஆனாலும் வீடு புகுந்து திருடுவது ஏன் ஏறிக்கொண்டே போனது? லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற சமூகவியலாளர்கள் 1979-ல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். திருடத் துணிந்த ஒருவர், திருடத் தோதான பொருள், தடுக்க ஆள் இல்லாத நேரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் திருட்டு நடக்கும். போருக்குப் பின் பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கியதால் பகலில் வீடுகள் காலியாகக் கிடந்தன. விலை உயர்ந்த மின்சாதனங்கள் எடை குறைந்து, ஒருவரே தூக்கிச் செல்லும்படி ஆயின. திருடர்களின் எண்ணிக்கை கூடாமலே திருட்டு கூடுவதற்கு இவை போதும்.

இந்தக் கணக்கு நம் தெருக்களுக்கும் பொருந்தும். கணவன், மனைவி இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பல வீடுகளில் ஆள் கிடையாது. தோதான பொருளுக்கோ பஞ்சமே இல்லை. நூறு கிராம் தங்கம் சட்டைப்பையில் அடங்கிவிடும், உருக்கிவிட்டால் அடையாளமும் போய்விடும்.

ஆள் இல்லாததை வெளியில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? பெரும்பாலும் வீடே காட்டிக்கொடுக்கிறது. வாசலில் கோலம் இல்லை. கேட்டுக்குள் வீசப்பட்ட மூன்று நாள் பேப்பர் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. கேட் கம்பியில் செருகிய விளம்பர நோட்டீஸ் செருகியபடியே இருக்கிறது. போர்ட்டிகோ விளக்கு இரவில் எரியவில்லை, அல்லது நண்பகலிலும் எரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு. 'உள்ளே யாரும் இல்லை' என்று தெருவுக்கே அறிவிப்பது அதுதான். கதவுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பூட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு ஒரே மாதிரிதான் தெரியும். போதாக்குறைக்கு, கொடைக்கானல் ஏரிக்கரையில் எடுத்த படத்தை நாமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த அடையாளங்களை மறைக்கப் பெரிய செலவில்லை. பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லலாம். மாலையில் ஓர் அறையின் விளக்கு தானாக எரிந்து, இரவு அணைகிற டைமர் ஒன்றை மாட்டலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் வாசலில் தண்ணீர் தெளித்து இரண்டு இழை கோலம் போட்டுவிடுவார். சுற்றுலாப் படங்களைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள் என்று தமிழகக் காவல்துறை தொடர்ந்து கேட்டுக்கொள்கிறது. பூட்டிய வீடுகளின் முகவரி கையில் இருந்தால்தான் ரோந்து போகிறவர்கள் அந்தத் தெருவில் கண் வைக்க முடியும்.

உடைவது பூட்டா, கதவா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட அதன் வகைகளின் பெருமை உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களில் இருக்கிறது. ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும். அதனால், லீவர்கள் கூடக்கூடக் கள்ளச்சாவி போடுவது கடினம். ஆனால், கள்ளச்சாவி போடும் பொறுமை திருடனுக்கு இருப்பது அபூர்வம். அவன் கையில் இருப்பது கடப்பாறை.

கடப்பாறை ஒரு நெம்புகோல். ஒரு மீட்டர் நீளக் கடப்பாறையின் நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி முட்டுக்கொடுத்தால், மறுமுனையில் தருகிற விசை நுனியில் 19 மடங்காகப் பெருகும். இருபது கிலோ பாரத்துக்கு ஈடாக அழுத்தினால், நாதாங்கியின் மேல் 380 கிலோ பாரம் விழுகிறது. அந்த நாதாங்கியைப் பிடித்திருப்பவை நான்கு சின்னத் திருகாணிகள். அவை இறங்கியிருப்பதோ அரை அங்குலம். பித்தளைப் பூட்டு கீறல்கூட விழாமல் இருக்கும், ஆனால் நாதாங்கி மரச்சிராயோடு பெயர்ந்து வந்துவிடும். 'பூட்டை உடைத்து' என்று செய்தியில் படிக்கும் பல சம்பவங்களில் உண்மையில் விட்டுக்கொடுப்பது நிலையும் திருகாணியும்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூட்டு வாங்குவதற்கு முன்னால், கதவைத் துளைத்து மறுபக்கம் நட்டு வைத்து முடுக்கிய போல்ட்டும், நிலைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணியும் போட ஒரு தச்சரைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம். கொல்லைக் கதவுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் இது இன்னும் அவசியம். முன்கதவு தேக்கு, மாடிக்கதவு ஒட்டுப்பலகை என்று இருந்தால் வருகிறவர் மாடிப்படியைத்தான் தேடுவார்.

எந்தக் கதவும் என்றைக்கும் உடையாமல் இருக்காது. பொறியியலாளர்கள் கதவின் வலிமையை நிமிடத்தில் அளப்பது அதனால்தான். ஐரோப்பியத் தர அளவீட்டின்படி, இரண்டாம் வகைக் கதவு ஸ்குரூ டிரைவர் போன்ற எளிய கருவிகளுக்கு மூன்று நிமிடம் ஈடுகொடுக்க வேண்டும். மூன்றாம் வகை, கடப்பாறைக்கு ஐந்து நிமிடம். இவ்வளவுதானா என்று தோன்றலாம். தெருவில் நின்று சத்தமெழுப்பிக்கொண்டு கதவோடு மல்லுக்கட்டுகிறவருக்கு மூன்று நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். எப்போது வேண்டுமானாலும் எதிர் வீட்டு விளக்கு எரியலாம்.

நெதர்லாந்தில் 1999 முதல், புதிதாகக் கட்டும் வீடுகளின் கதவு, ஜன்னல்கள் இத்தகைய தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பென் வோலார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். புது விதிப்படி கட்டிய வீடுகளில் திருட்டு சுமார் 26 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே முடியாதவர்கள் பழைய வீடுகளுக்குப் போய்விட்டார்களா என்றும் பார்த்தார்கள். அப்படிப் போனதற்கான தடயம் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஆண்ட்ரோமக்கி செலோனி தலைமையிலான குழு, தேசியக் குற்ற ஆய்வின் தரவுகளை வைத்து எந்தச் சாதனம் எவ்வளவு காப்பாற்றுகிறது என்று கணக்கிட்டது. ஜன்னல் பூட்டு, டைமரில் எரியும் உள்விளக்கு, கதவுக்கு வலுவான பூட்டு, ஆள் நடமாட்டம் அறிந்து எரியும் வெளிவிளக்கு ஆகிய நான்கும் சேர்ந்திருந்த வீட்டுக்கு, எதுவும் இல்லாத வீட்டைவிட 49 மடங்கு பாதுகாப்பு இருந்தது. நான்கும் சாதாரணப் பொருட்கள், தனித்தனியாக வைத்தால் பலன் இதைவிட மிகக் குறைவு. அலாரத்தை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்குக் குறிப்பிடும்படி எந்த நன்மையும் தென்படவில்லை. ஒலி கேட்டு எட்டிப்பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அலாரத்தால் என்ன பயன்?

சிசிடிவிக்கும் இதே கதைதான். நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான மதிப்பாய்வு, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைவதாகச் சொன்னது. பலன் உண்டு, ஆனால் அது ஒன்றே போதாது. கூரையோரம் உயரத்தில் மாட்டிய கேமராவில் தொப்பியும் தலை உச்சியும்தான் பதிவாகும். முகம் வேண்டுமென்றால் வாசலைப் பார்த்தபடி, தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒன்று இருக்க வேண்டும். பதிவுப் பெட்டியையே கழற்றி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், காட்சிகள் இணையத்திலும் சேமிக்கப்படுவது நல்லது.

பீரோவை நோக்கி

உள்ளே நுழைந்தவர் என்ன செய்கிறார்? பிரிட்டன் உளவியலாளர் கிளேர் நீ, முன்னாள் திருடர்களையும் மாணவர்களையும் கணினியில் உருவாக்கிய வீட்டுக்குள் திருட விட்டுப் பார்த்தார். மாணவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார்கள். அனுபவசாலிகள் மதிப்புள்ள பொருட்கள் இருக்கும் அறைகளில் அதிக நேரம் செலவிட்டு, குறைவான பொருட்களை எடுத்தார்கள். அவற்றின் மதிப்போ அதிகம். பல நாள் பழக்கத்தால் யோசிக்காமலே கால் அங்கே போகிறது என்கிறார் கிளேர் நீ.

நம் வீடுகளில் அந்தப் பாதை இன்னும் சுருக்கம். படுக்கையறை, பீரோ, லாக்கர். சாவியும் தூரத்தில் இருக்காது, துணி அடுக்குக்குக் கீழே, மேசை இழுப்பறையில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில். நாம் ரகசியம் என்று நினைக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் அதே இடங்கள்தான். அன்றாடம் அணியாத நகையை வங்கி லாக்கரில் வைப்பதே மேல். திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கர் பொருளுக்கு இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டில் வைத்திருக்கும் நகைகளைப் படம் எடுத்து, ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் ஹால்மார்க் நகை வாங்கியிருந்தால், அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கும். நகைக்கு நகை வேறுபடும் அந்தக் குறியீட்டைக் குறித்து வைத்தால், மீட்ட நகை உங்களுடையது என்று நிரூபிப்பது எளிது.

கைவைக்காதீர்கள்

திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 100 அல்லது 112-ஐ அழையுங்கள். காவல்துறை வருவதற்குள் பீரோவை ஒழுங்குபடுத்துவதும் தரையைக் கூட்டுவதும் திருடனுக்குச் செய்யும் உபகாரம்.

1897-ல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டார், அவரது பெட்டகமும் காலி. பெட்டிக்குள் இருந்த ஒரு பஞ்சாங்கத்தில் ரத்தம் தோய்ந்த கட்டைவிரல் பதிவு கிடைத்தது. முன்பு திருட்டு வழக்கில் சிறை சென்ற பழைய வேலையாள் காங்காலி சரணின் ரேகையோடு அது பொருந்தியது. அவர் கொன்றதை யாரும் பார்க்கவில்லை என்பதால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்த நீதிமன்றம், திருட்டுக்காகத் தண்டித்தது. கைரேகையை நம்பித் தீர்ப்பெழுதிய உலகின் முதல் வழக்குகளில் ஒன்று அது. விரல் மேடுகளில் இருக்கும் நுண்துளைகள் வழியே கசியும் வியர்வையும், நாம் முகத்தைத் தொடும்போது விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பசையும்தான் ரேகையாகப் பதிகின்றன. அதன் மேல் ஒட்டும்படி தூள் தூவி நிபுணர்கள் ரேகையை எடுக்கிறார்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் எல்லாம் போய்விடும். 2022-ல் தொடங்கிய தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பால், வெளிமாநிலத்தில் முன்பு கைதானவரின் ரேகையோடும் இப்போது ஒப்பிட முடிகிறது.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். காப்பீடு கோருவதற்கும் அதுதான் தேவை. மீட்கப்பட்ட நகைகளைப் படமெடுத்துக்கொண்டு, உரிய உத்தரவாதம் பெற்று, வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மனதுக்கும் மருந்து வேண்டும். மைக் மகுவையர் 1980-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் திருட்டு நடந்து சில வாரங்கள் கழிந்த பிறகும் மூன்றில் இரண்டு பங்கினர் அதன் பாதிப்பிலிருந்து மீளவில்லை. பொருள் போனதைவிட, யாரோ வீட்டுக்குள் நடமாடினார்கள் என்பதே பலரை வதைத்தது. 'போனது போகட்டும், உயிர் தப்பியதே' என்று ஆறுதல் சொல்கிறவர்கள், இரண்டு நாள் இரவுத் துணைக்கு வந்து படுத்தால் இன்னும் உதவியாக இருக்கும்.

துணை இன்னொரு வகையிலும் பயன்படும். ஒருமுறை திருட்டு நடந்த வீட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் அடுத்த ஓரிரு மாதங்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. வந்தவருக்கு வழி தெரியும், என்ன இருக்கிறது என்றும் தெரியும். 1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில், திருட்டு நடந்த வீடுகளின் பாதுகாப்பை முதலில் வலுப்படுத்தினார்கள். திருடர்கள் குறிவைத்த, காசு போட்டு இயங்கும் மின், எரிவாயு மீட்டர்களை அகற்றினார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டையும் சுற்றி இருந்த ஐந்தாறு வீட்டாரைக் கண்காணிக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆகவே, கேமரா விலை விசாரிப்பதற்கு முன் இந்த வாரம் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முன்கதவு, கொல்லைக் கதவு, மாடிக் கதவு மூன்றின் நாதாங்கியையும் திருகாணியையும் அசைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டாரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் எண்ணையும் கொடுங்கள்.