சாலையை உடைப்பது எந்த எடை?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா நகருக்கு அருகே, எந்த ஊருக்கும் போகாத சில சாலைகளைப் போட்டார்கள். நீள்வட்டமாகச் சுற்றி வரும் அந்தத் தடங்களில் 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்கள் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். தடத்தின் ஒரு லேனில் ஓடும் லாரிகளுக்கெல்லாம் ஒரே ஆக்சில் எடை. தாரா கான்கிரீட்டா, எத்தனை கனம், அடியில் என்ன ஜல்லி என்பது மட்டும் துண்டுக்குத் துண்டு மாறும். சாலையை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்த சோதனை அது.

ஆக்சில் மேல் ஏறும் எடை இரண்டு மடங்கானால், சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறுகிறது என்பதே அங்கே கிடைத்த விடை. அந்தக் கணக்குப்படி, 1 டன் தாங்கும் கார் ஆக்சிலைவிட 9 டன் தாங்கும் லாரி ஆக்சில் 6,561 மடங்கு சேதம் செய்யும்.

அமெரிக்கச் சட்டம் மொத்த எடையோடு நிற்காததற்குக் காரணம் இதுதான். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மொத்த வரம்பு 80,000 பவுண்டு, அதாவது 36 டன் சொச்சம். ஒற்றை ஆக்சிலுக்கு 20,000, இரட்டை ஆக்சிலுக்கு 34,000. பாலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆக்சில்கள் நெருங்கியிருந்தால் பாரம் பாலத்தின் ஒரே இடத்தில் இறங்கும்; தள்ளித் தள்ளி இருந்தால் பரவும். எனவே ஆக்சில்களின் எண்ணிக்கை, இடைவெளி இரண்டையும் வைத்து வரம்பு கணிக்கப்படுகிறது.

ஓட்டுநருக்கு இது அன்றாட வேலை. எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிறார். மொத்தம் சரி, டிரெய்லரின் பின் ஆக்சில்களில் மட்டும் 600 பவுண்டு கூடுதல். சரக்கை இறக்க வேண்டியதில்லை. டிரெய்லருக்கு அடியிலுள்ள பூட்டு ஊசிகளை விடுவித்து, டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, வண்டியை மெல்ல முன்னே எடுப்பார். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மேலுள்ள பெட்டி மட்டும் நகர்ந்து அடுத்த துளையில் பூட்டிக்கொள்ளும். பாரம் முன்பக்கம் மாறிவிடும். மறுபடியும் எடைமேடை.

80,000 பவுண்டு வரம்புக்கு விலக்காக, மிச்சிகன் மாநிலத்தில் 11 ஆக்சில் லாரிக்கு 1,64,000 பவுண்டு வரை அனுமதி உண்டு. 74 டன் என்றதும் பதறத் தோன்றும். ஆனால் ஆக்சிலுக்குச் சராசரி 15,000 பவுண்டுகூட இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் போலப் பிரிக்க முடியாத சரக்கு வரம்பைத் தாண்டினால், வழியும் நேரமும் குறித்துத் தனி பர்மிட் தருகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வேறு வழியும் இல்லை. எனக்கு ஒப்பாதது டெக்சாஸ் தரும் ஓராண்டு பர்மிட். இன்டர்ஸ்டேட் அல்லாத சாலைகளில் மொத்த எடை 5 சதவீதமும் ஆக்சில் எடை 10 சதவீதமும் கூடலாம் என்கிறது அது. பத்துதானே என்று விட்டுவிட முடியாது. நான்காம் அடுக்கில் அது 46 சதவீதக் கூடுதல் சேதம். அதையும் கிராமப்புற மெல்லிய தார்ச்சாலைகள் தாங்க வேண்டும். கட்டணமோ எத்தனை கவுன்டிகளில், அதாவது மாவட்டங்களில், ஓடும் என்று பார்க்கிறதே தவிர, எத்தனை மைல் ஓடும் என்று பார்ப்பதில்லை.

ஓரிகன் மாநிலம் லாரிகளிடம் எடைக்கும் மைலுக்கும் சேர்த்து வரி வாங்குகிறது. 80,000 பவுண்டைத் தாண்டிய வண்டியில், அதே எடைக்கு ஆக்சில் கூடினால் மைலுக்கான வரி குறையும். கூடுதல் ஆக்சில் பூட்ட லாரிக்காரருக்கே ஆசை வரும். பர்மிட் கொடுக்கும் மற்ற மாநிலங்களும் இப்படித்தான் கட்டணம் வைக்க வேண்டும்.