மழை விடட்டும் என்று காத்திருக்கலாமா?



ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடைமழை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. ஓடு ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்த பிறகு, சோறு வடிக்கப் பாத்திரம் இருக்காது. வீட்டில் இருக்கிற ஒரே குடைக்கும் இரண்டு கம்பி ஒடிந்திருக்கும். இதெல்லாம் போதாதென்று, அதே நேரம் பார்த்துத்தான் குழந்தைக்கு வயிற்றால் போகும்.

அப்போது பல வீடுகளில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

மனைவி: என்னங்க, விடியக்காலையிலேருந்து புள்ளைக்கு அஞ்சு தடவை தண்ணியாப் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

கணவன்: நான் போயி என்னத்தச் சொல்றது? நீ போயிட்டு வா.

மனைவி: இந்த மழையிலயா? குடையை ஒடிச்சது யாரு?

கணவன்: காத்து ஒடிச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

மாமியார்: பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் போகும். ஆறு புள்ளை பெத்தவ சொல்றேன். தொக்கம் எடுத்தாச் சரியாப் போயிடும்.

கணவன்: சரி, மழை விடட்டும். பார்க்கலாம்.

மழை விடாது. சண்டையும் விடாது. வயிற்றுப்போக்கும் விடாது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தார்களா? அதுதான் கேள்வி.

சண்டை நடக்கும்போது குழந்தைக்கு என்ன நடக்கிறது?

ஒவ்வொரு தடவை போகும்போதும் குழந்தையின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. பெரியவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போனால் தெரியாது. சின்ன உடம்புக்கு அது பெரிய நஷ்டம். போனதை ஈடு செய்யாவிட்டால் வாய் உலரும், கண் குழி விழும், சிறுநீர் குறையும். வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நீர் வறட்சிதான். அது ஒரே நாளில்கூட முற்றிவிடலாம்.

பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வருவதில்லை. பிறகு ஏன் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்? பல் முளைக்கும் வயதில்தான் குழந்தை தவழ்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி உள்ளே போகிறது. பழி பல்லின்மேல் விழுகிறது. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் கிணற்றிலும் உடைந்த குழாயிலும் கலந்துவிடுவதால் தொல்லை இன்னும் அதிகம்.

ஆஸ்பத்திரி போகுமுன்பே வைத்தியம் தொடங்கட்டும்

ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்டு வாங்கலாம். கரைக்கும் முறை:

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டுச் சொம்பு ஒரு லிட்டர்தான்" என்று கண்ணால் அளக்க வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து பாருங்கள்.

3. பெரிய பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிக் கெடுதல் செய்யும். கூடினால் பலன் இருக்காது. சிறிய பொட்டலமாக இருந்தால், அதன்மேல் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள்.

4. கரைத்ததை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். மடக்கு மடக்காக ஊற்றாமல், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடியும் மெதுவாகக் கொடுங்கள்.

பொட்டலம் கையில் இல்லையா? 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. பொட்டலம் வரும்வரை இது கை கொடுக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 6 மாதம் தாண்டிய குழந்தைக்குக் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி, மசித்த வாழைப்பழம் கொடுங்கள். "வயித்தைக் காயப்போட்டா நின்னுடும்" என்பது தவறு. பட்டினி போட்டால் குழந்தைதான் இளைக்கும்.

"என்ன, ஊசி கிடையாதா?"

நனைந்துகொண்டே போய், வரிசையில் நின்று, முறை வந்ததும் டாக்டர் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தால் நமக்கு ஏமாற்றமாக இருக்கும். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு ஊசியாவது போடக்கூடாதா?" என்று கேட்போம்.

1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். போங்காவ் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். தாய்மாரும் உறவினருமே கிண்ணத்தில் எடுத்துக் குடிக்க வைத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 4 பேருக்கும் கீழே குறைந்தது. அவருக்கு அவர் மறைந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. இந்தத் தண்ணீர் அவ்வளவு பெரிய மருந்து.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் மருந்து வேலை செய்யாது. ஆனால் டாக்டர் கொடுக்கும் ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எப்போது மழையைப் பார்க்காமல் ஓட வேண்டும்?

• குழந்தை துவண்டு கிடந்தால், கூப்பிட்டாலும் சரியாகப் பார்க்காவிட்டால்
• குடிக்க முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால்
• கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால்
• வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சுருக்கம் மெதுவாக மறைந்தால்
• 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால்
• மலத்தில் இரத்தம் இருந்தால், காய்ச்சல் அதிகமாக இருந்தால்
• குழந்தைக்கு 2 மாதம் நிரம்பாவிட்டால்

இதில் ஒன்று இருந்தாலும் போதும். 108-க்குப் போன் செய்யுங்கள், வண்டி இலவசம். குடிக்க முடிகிற குழந்தைக்கு வழி நெடுகக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். இந்த நிலையில் நரம்பில் ஏற்றுவது தேவையா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

"எத்தனை தடவை போச்சு?" "அது அவளுக்குத்தான் தெரியும்." "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" "அதுவும் அவளுக்குத்தான் தெரியும்." "தடுப்பூசி அட்டை எங்கே?" "அதை அவதான் வச்சிருக்கா."

இப்படித் தகப்பனார் சொன்னால் டாக்டர் யாரைக் கேட்பார்? ஆகவே மழைக்கு முன்பே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்:

ஒருவர் கரைசல் கொடுக்கட்டும். மற்றவர் நேரத்தையும் தடவையையும் காலண்டர் தாளில் குறிக்கட்டும். இரண்டு பொட்டலமும் தடுப்பூசி அட்டையும் நனையாத ஒரு பையில், இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி வையுங்கள். கழிப்பறை போய் வந்தபின்னும், உணவு ஊட்டுமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

குடையையும் மறக்காமல் ரிப்பேர் செய்து வையுங்கள்! அதை ஒடித்தது யார் என்ற வழக்கைத் தை மாதத்தில், வெயிலில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம்.

படித்தபின் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுங்கள்.