மூடுவதற்கு முன் பார்த்தது யார்?

ஒன்ராறியோவில் வீடு – 7

சென்ற வாரம் கட்டட அனுமதி எடுப்பதுவரை பார்த்தோம். பெர்மிற் கைக்கு வந்ததும் சட்டத்தின் பக்கத்து வேலை முடிந்தது, இனிக் கட்டுவதுதான் மிச்சம் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். பெர்மிற்றோடு சேர்ந்து வரும் பரிசோதனைப் பட்டியலை ஆறுதலாக இருந்து வாசிப்பவர்கள் குறைவு. பிறகு சுவர் வெடித்து, நிலவறைக்குள் தண்ணீர் வந்து, வழக்கறிஞரிடம் போய் இருக்கும்போது அவர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.

புது வீடு ஒன்றுக்கு அதில் இருப்பவை இவை: அத்திவாரக் கிடங்கு வெட்டி, கொங்கிறீற் போடுவதற்கு முன் ஒரு பரிசோதனை. அத்திவாரச் சுவர் எழும்பி, வெளிப்பக்கம் மண் நிரப்புவதற்கு முன் இன்னொன்று. பிறகு மரச்சட்ட வேலை, குழாய் வேலை, இன்சுலேஷனும் அதன் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பும், கடைசியில் குடிபுகுவதற்கு முன்னான பரிசோதனை. கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று மூடப்படுவதற்குச் சற்று முன்னர் வருகிறது. மூடிய பிறகு இன்ஸ்பெக்ரருக்கும் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பூச்சு மட்டும்தான்.

நகரசபை தானாக நாள் பார்த்து வரும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் ‘வேலை பார்வைக்குத் தயார்’ என்று அறிவிக்க வேண்டியவர், பெர்மிற் யார் பெயரில் இருக்கிறதோ அவர். ஒன்ராறியோ கட்டட விதி அப்படித்தான் சொல்கிறது. அறிவித்தல் கிடைத்ததும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக இரண்டு நாட்களுக்குள் இன்ஸ்பெக்ரர் வந்து பார்க்க வேண்டும்.

நம்மவர் வேலைத்தலங்களில் கதை வேறு. “அண்ணை, இன்ஸ்பெக்ரர் வந்தவர், ஓகே சொல்லிப்போட்டார், நீங்கள் யோசிக்காதையுங்கோ” என்பார் கொன்ராக்டர். அண்ணையும் யோசிக்க மாட்டார். பெர்மிற் அண்ணையின் பெயரில் இருக்கும். கொன்ராக்டர் கூப்பிட்டிருப்பார் என்று அண்ணை இருக்க, பெர்மிற்காரர் கூப்பிடுவார் என்று கொன்ராக்டர் இருக்க, ஒரு திங்கட்கிழமை கொங்கிறீற் லொறி வந்து நிற்கும். லொறியைத் திருப்பி அனுப்பினால் காசு. ஊற்றி விடுவார்கள்.

இப்படித் தவறிய பரிசோதனைக்கு யார் பொறுப்பு என்பதற்கு, 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடிய உச்ச நீதிமன்றம் விரிவான பதில் ஒன்று தந்தது. வழக்கு நம்முடைய ரொறன்ரோவில் நடந்தது. புது வீடு அல்ல, பழைய வீடு ஒன்றின் பேஸ்மென்ற். ஆனால் கேள்வி அச்சொட்டாக இதுவே. பேஸ்மென்ற்றைத் திருத்தும்போது சுவர்கள் இறங்கிவிடாமல் இருக்க, பழைய அத்திவாரத்துக்குக் கீழே தோண்டிப் புதிதாகக் கொங்கிறீற் முண்டு கொடுக்க வேண்டியிருந்தது. பெர்மிற் எடுத்த பிறகே வேலை தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அப்படியிருந்தும், இப்பவே தொடங்குவோம் என்று கொன்ராக்டர் சொல்ல, வீட்டுக்காரரும் சம்மதித்தார். பெர்மிற் வந்தபோது முண்டு வேலை முடிந்து மூடியாகிவிட்டது.

இன்ஸ்பெக்ரர் வந்தார். பார்க்க வேண்டியது மண்ணுக்குள் இருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற கொன்ராக்டரின் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்து கொஞ்சக் காலத்திலேயே பேஸ்மென்றுக்குள் வெள்ளம் வரத் தொடங்கியது. வேறொருவரைக் கொண்டு பார்த்தபோதுதான், போட்ட முண்டு கட்டட விதிக்குக் கிட்டவும் வராது என்று தெரிந்தது.

விசாரணை நீதிமன்றம் பழியைப் பிரித்த விதம்: கொன்ராக்டருக்கு 80 வீதம், நகரசபைக்கு 14 வீதம், வீட்டுக்காரருக்கு 6 வீதம். மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரசபையை விடுவித்தது. பெர்மிற் இல்லாமல் தொடங்க விட்டவர் நகரசபையைக் குறை சொல்ல முடியாது என்பது அதன் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பரிசோதிப்பது என்று நகரசபை முடிவெடுத்த பின், அதைக் கவனத்தோடு செய்யும் கடமையும் அதற்கு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தோண்டிப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்ரரிடம் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே 80, 14, 6 என்ற பங்கீடு திரும்பவும் நிலைத்தது.

அந்த 6 வீதம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்டவர்தான். ஆனால் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது, பெர்மிற் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ரொறன்ரோ வழக்கின் தீர்ப்புக்கு முன்னோடி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் நகரத்து வழக்கு. அங்கே இன்ஸ்பெக்ரர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நிரப்பிய மண்ணின் மேல் அத்திவாரம் போட்டதைக் கண்டு, வேலையை நிறுத்தும்படி கட்டளையிட்டார். அந்த வீட்டுக்கு உரியவர் நகரசபை உறுப்பினர் ஒருவர். கட்டளை கிடப்பில் போனது, வீடு எழும்பியது, சில வருடங்களில் ஒன்றும் அறியாத இன்னொருவருக்கு விற்கப்பட்டது, அத்திவாரம் தாழ்ந்திருப்பது பிறகுதான் தெரியவந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் நகரசபையின் மேல் 25 வீதப் பொறுப்பை உறுதி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பெர்தா வில்சன், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. பிழையைக் கண்ட பிறகும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

ஒன்ராறியோ சட்டத்தில் இன்னொரு முக்கியமான விடயம். ஒரு நட்டத்துக்குப் பலர் பொறுப்பு என்றால், பாதிக்கப்பட்டவர் அவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். கொன்ராக்டரின் கம்பனி மூடப்பட்டுப் போனால், சிறு பங்கு பிழை செய்த நகரசபை முழுவதையும் கட்ட நேரலாம். நகரசபைகள் இதை மாற்றும்படி நெடுநாளாகக் கேட்கின்றன. மாற்றக் கூடாது என்பேன். கம்பனியை மூடிவிட்டு மறுபெயரில் திறப்பவரிடம் தனிக் குடும்பம் ஒன்று எதைப் பிடுங்க முடியும்?

இதை நம்பி அசட்டையாக இருப்பதும் பிழை. வழக்கு வெல்வதற்கு வருடக்கணக்கு ஆகும். அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது வேறொரு கட்டளை: மூடியதைத் திற. பரிசோதிக்காமல் மறைத்த வேலையைத் திறந்து காட்டும்படி நகரசபை பணிக்கலாம். அதைக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். பூசி, மினுக்கி, பெயின்ற் அடித்த ட்ரைவோலை ஆளுயரத்துக்கு வெட்டி எடுப்பார்கள்; பிளாஸ்டிக் விரிப்பைக் கிழிப்பார்கள்; உள்ளே ஒரு குழாய்ப் பொருத்தைப் பார்க்க அரை நாள். அத்திவாரம் என்றால் நிரப்பிய மண்ணைத் திரும்ப அள்ள வேண்டும். ரொறன்ரோப் பக்கம் உறைபனிக்குத் தப்ப அத்திவாரம் 1.2 மீற்றர் ஆழம் போக வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பில்டரிடம் புது வீடு வாங்குவோருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. பெர்மிற் பில்டர் பெயரில் இருக்கும், அறிவிக்கும் கடமையும் அவருடையதே. ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டாரியன் (Tarion) உத்தரவாதம் 1, 2, 7 வருடங்கள் என மூன்று படியாக வரும். பெரிய கட்டமைப்புக் குறைபாடுகளுக்கு 7 வருடம். சொந்தக் காணியில் தானே பெர்மிற் எடுத்துத் தானே நின்று கட்டுவிப்பவருக்கு இந்த உத்தரவாதம் இல்லை. செலவு மிச்சம் என்று அந்த வழியில் இறங்குவோர் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்பது இதுதான். இன்றைக்கே பெர்மிற்றை எடுத்து அதில் யார் பெயர் என்று பாருங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் யார் அறிவிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வையுங்கள். ‘ஓகே சொல்லிப்போட்டார்’ என்பதை ஏற்காதீர்கள். இன்ஸ்பெக்ரரின் அறிக்கையைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் நகரசபையின் கட்டடப் பிரிவுக்கு நீங்களே தொலைபேசி எடுங்கள். இரண்டு நாளில் வராவிட்டாலும் மூட விடாதீர்கள், மின்னஞ்சலில் ஞாபகப்படுத்துங்கள். அறிக்கையைக் கண்ணால் காணும்வரை அடுத்த தவணைக் காசைக் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)