மாறுவேடச் சங்கங்கள் கைகோக்கின்றன

விராட நகரத்திலே பாண்டவர் ஓராண்டுக் காலம் மறைந்து வாழ்ந்த கதையை வகுப்பிலே எடுத்துரைக்கும்போது, மாணவர் முகங்களிலே ஒரு தனி ஒளி பிறப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். வில்லுக்கு விசயன் பிருகந்நளையாகி நடனம் பயிற்றுவதும், பீமன் மடைப்பள்ளியிலே கரண்டி பிடிப்பதும் அவர்களுக்குப் போர்க்களக் காட்சிகளினும் சுவை தருகின்றன. தன்னை மறைத்துப் பிறிதொருவராய்ச் சிறிது காலம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு இயல்பானது போலும். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைச் சித்தர்களுக்கு ஏற்றிச் சொன்ன நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்தேயிருந்தனர்.

இவ்வாசை ஒன்றுக்காகவே மேல்நாடுகளிற் சங்கங்கள் அமைத்து, கணினியின் வழியாக ஒருவரையொருவர் நேரிற் காணாமலே வேடம் புனைந்து வாழ்வோர் பலர் உளர். இச்செய்தியை மாணவன் ஒருவன் எனக்கு முதன்முதலிற் கூறியபோது, பரீட்சைக் காலத்திற் படியாதிருக்க அவன் கண்டுபிடித்த புதியதொரு சாட்டு என்றே எண்ணினேன். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோதுதான் அதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருப்பதையும், அச்சங்கங்கள் பல இன்று அங்கத்தவர் தொகை குன்றித் தள்ளாடுவதையும், தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றோடொன்று கூட்டுச் சேர்வதையும் அறிந்தேன்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே 1978ஆம் ஆண்டில் றோய் ட்றப்ஷோ என்னும் மாணவர் ஒரு கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பர் றிச்சர்ட் பாட்ல் அதனை வளர்த்தெடுத்தார். அதிலே படம் இல்லை, ஒலி இல்லை, சொற்கள் மாத்திரமே. "நீ ஒரு காட்டு வழியில் நிற்கிறாய்" என்பது போன்ற வாக்கியம் திரையிலே தோன்றும். ஆடுபவர் தாம் செய்வதைச் சொற்களாலேயே பதிலிறுப்பார். ஒரே வேளையிற் பலர் அக்காட்டிலே உலாவலாம், உரையாடலாம் என்பதே அதன் புதுமை. 'மட்' எனப் பெயர் பெற்ற அவ்விளையாட்டின் வழித்தோன்றல்களே பின்னாளில் வந்த யாவும் எனலாம்.

மின்னஞ்சல் பரவியதும் இன்னொரு வகை தோன்றியது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடங்கிய 'ஸ்டார் ட்றெக்' என்னும் விண்வெளிக் கதையின் அன்பர்கள், தாமே அக்கதையுலகின் மாலுமிகளாகித் தொடர்கதை எழுதலாயினர். 1994இல் தோன்றிய 'ஸ்டார்பேஸ் 118' என்னும் சங்கம் அவற்றுட் பழைமை வாய்ந்த ஒன்று. சங்கத்திற்குப் பல கப்பல்கள், கப்பலுக்கொரு தலைவர், அவருக்குக் கீழ் வைத்தியர், பொறியியலாளர், காவலதிகாரி எனப் பலர். ஒவ்வொரு பாத்திரமும் ஓர் அங்கத்தவரின் பொறுப்பு. கப்பல் தாக்கப்பட்டது என்று தலைவர் ஒரு பந்தி எழுதுவார், காயமுற்றோரை ஏந்திச் செல்வதை வைத்தியர் எழுதுவார், கதை நகரும். புதிதாய்ச் சேர்வோருக்குப் பயிற்சியுண்டு. நன்கு எழுதுவோருக்குப் பதவி உயர்வுண்டு. பரிசில் இல்லை, பணமும் இல்லை.

இத்தகைய சங்கம் தளர்ச்சியடையும் விதம் கவனிக்கத்தக்கது. உதைபந்தாட்டக் கழகத்திலே ஒருவர் வராவிடின் வேறொருவரை நிறுத்தலாம். இங்கோ, வைத்தியராய் நடிப்பவர் மூன்று வாரம் எழுதாதுவிடின், கதையிலே காயமுற்றவர் மூன்று வாரமும் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான். அவரும் சலிப்புற்று விலகுவார். ஈற்றில், தலைவர் ஒருவரே எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பார். சண்டையுமில்லை, சாவு மணியுமில்லை. சங்கம் இருந்த இடம் தெரியாது போய்விடும். மாணவப் பருவத்திற் சேர்ந்தவர்கள் உத்தியோகம், இல்லறம், பிள்ளைகள் என்று பிரிவதும், இளைஞர் வேறு பொழுதுபோக்குகளை நாடுவதும் இதற்குக் காரணங்களாம். அங்கத்தவர் பல நாட்டினர் ஆதலால், ஒருவருக்கு மாலையாய் இருப்பது மற்றவருக்கு நள்ளிரவாய் அமைவதும் ஒரு தொல்லை.

பெரு நிறுவனங்கள் நடத்தும் படக்காட்சி விளையாட்டுகளும் இத்தேய்விற்குத் தப்பவில்லை. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்னும் விளையாட்டுக்கு 2010 ஒக்டோபரிற் சந்தாதாரர் 1 கோடி 20 இலட்சத்தைக் கடந்திருந்தனர். 2015 நவம்பரில் அத்தொகை 55 இலட்சம் என அறிவித்த நிறுவனத்தார், இனிமேல் தொகையை வெளியிடுவதில்லை என்றும் கூறிவிட்டனர். தொகை ஏறும்போது பறை சாற்றியவர்கள் இறங்கும்போது மௌனம் சாதித்தது வணிகருக்கு இயல்பே.

இனி, அவர்கள் கைக்கொண்ட பரிகாரங்களைப் பார்ப்போம். அந்த விளையாட்டிலே ஆடுவோர் பல தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஓர் உலகத்தவர் மற்றையதன் சங்கத்தில் சேர இயலாதிருந்தது. சில உலகங்களிலே வீதிகள் வெறிச்சோடியதைக் கண்ட நிறுவனம், 2013இல் அவற்றை இரண்டும் மூன்றுமாய் இணைக்கத் தொடங்கிற்று. ஐரோப்பாவில் வேடம் புனைந்து ஆடுவோருக்கெனவே அமைந்த மூன்கிலேட், ஸ்டீம்வீடில் கார்ட்டெல், த ஷாதார் என்னும் மூன்றும் அவ்வாறு ஒன்றானவை. மேலும், கதைப்படி தீராப் பகைவராகிய இரு கட்சியார் தொடக்கத்திலிருந்தே தம்முட் பேசவும் இயலாதபடி பிரிக்கப்பட்டிருந்தனர். 2023ஆம் ஆண்டு முதல் அவர்களும் ஒரே சங்கத்தில் அங்கம் வகிக்கலாம் என்றாயிற்று. பத்தொன்பது ஆண்டுப் பகையை ஆட்பற்றாக்குறை தீர்த்து வைத்தது எனின் மிகையாகாது.

'ஸ்டார் ட்றெக் ஒன்லைன்' என்னும் விளையாட்டிலோ சங்கங்கள் கலைந்து ஒன்றாவதில்லை, கூட்டணி அமைக்கின்றன. அங்கே சங்கத்திற்குக் கடற்படை என்று பெயர். ஒன்றில் 500 பேர் வரை இடம்பெறலாம். 2016இல் ஏற்படுத்திய முறைப்படி 13 கடற்படைகள் வரை ஓர் அணியிற் சேரலாம். அல்பா என்னும் தலைமைப் படை ஒன்று. அதன்கீழ்ப் பீற்றா மூன்று. அவை ஒவ்வொன்றின்கீழும் காமா மும்மூன்று. ஒரு சிறு படை தன் தளத்தைக் கட்டி முடிக்கத் திணறும்போது, கூட்டணியின் ஏனைய படையினர் பொருள் உதவலாம். ஊர் கூடித் தேர் இழுக்கும் முறையென்றே இதனைச் சொல்ல வேண்டும். தத்தம் பெயரும் கொடியும் தலைவரும் அவரவர்க்கே உரியன.

எழுத்தாலே கதை நடத்தும் சங்கங்களிடையே கூட்டுறவு இவ்வளவு எளிதன்று. ஒரு சங்கத்தின் கதையிலே இறந்துபோன மன்னன் மற்றச் சங்கத்தின் கதையிலே முடிசூடி அரசாண்டுகொண்டிருப்பான். இரண்டையும் இணைக்கும்போது எவன் இருப்பான், எவன் இறப்பான்? பத்தாண்டாய் உழைத்துத் தளபதிப் பதவி பெற்றவர் இருவர் இருப்பின் எவர் எவருக்கு வணக்கம் செலுத்துவது? வெளியாருக்கு இவை நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் நம்மூர்ச் சங்கங்கள் இரண்டினுக்குப் பொதுவாக ஒரு செயலாளரைத் தெரிவு செய்ய முயன்றவர் எவரும் நகையார். ஆதலின், கதைகளை அவ்வவ்வாறே விட்டுவிட்டு, ஆண்டிற்கொரு முறை பொதுவிழா நடத்துதல், ஒரு சங்கத்துப் பாத்திரம் மற்றச் சங்கத்துக் கதையிலே விருந்தினராய் வந்து போதல், புதியவர்களை ஒன்றாகப் பயிற்றுதல் போன்ற தளர்ந்த உறவே பெரிதும் பயன் தரும் என்பது என் கருத்து. இரண்டு வற்றிய கிணறுகளுக்கிடையே வாய்க்கால் வெட்டினால் நீர் பெருகிவிடாது என்பதும் உண்மைதான். எனினும், ஒரு சங்கம் மறையும்போது அதன் கடைசி நாலைந்து பேரும் போக்கிடமின்றி நிற்க மாட்டார்கள் அன்றோ?

நாலைந்து பேர்தாமே, அவர்கள் எங்குப் போனால் என்ன என்று கேட்போருக்கு நோர்வே நாட்டு மட்ஸ் ஸ்டீனின் வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

1989இற் பிறந்த மட்ஸ், தசைகள் படிப்படியாய்ச் செயலிழக்கும் டுஷென் என்னும் கொடிய நோய்க்கு ஆளானவர். சிறு வயதிலேயே சக்கர நாற்காலியே கதியாயிற்று. வளர்ந்தபின் நாளின் பெரும்பகுதியை வீட்டிலே கணினியின் முன்னேயே கழித்தார். மகன் நட்பும் காதலும் அறியாது, எவர்க்கும் பயன்படாது வாழ்ந்து மறையப்போகின்றானே என்று பெற்றோர் உள்ளம் நொந்தனர். 2014 நவம்பர் 18ஆந் திகதி, 25ஆவது வயதிலே மட்ஸ் காலமானார். அவர் இணையத்தில் எழுதி வந்த குறிப்பேட்டிலே தந்தையார் றொபேட் மரணச் செய்தியை எழுதிவைத்தார். ஒன்றன்பின் ஒன்றாய் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. பெற்றோர் பெயர்கூடக் கேட்டிராதவர்கள் பல நாடுகளிலிருந்தும் தம் துயரத்தை எழுதியிருந்தனர்.

மட்ஸ், முற்கூறிய வோர்கிராப்ட் உலகிலே 'இபெலின்' என்னும் துப்பறியும் பிரபுவாக வாழ்ந்தவர். 'ஸ்டார்லைட்' என்னும், ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட சிறு சங்கத்தின் அங்கத்தவர். நடக்க இயலாத அவருடைய இபெலின் காடும் கடற்கரையும் ஓடித் திரிந்தான். நெதர்லாந்துப் பெண்ணொருத்தியின் கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டபோது, அவளுக்காகப் பரிந்து அவர்களுக்குக் கடிதம் எழுதினார் மட்ஸ். வெளியே செல்ல அஞ்சிய தன் மகனோடு நெருங்கிப் பழக வழியறியாது தவித்த டென்மார்க்குத் தாய் ஒருத்திக்கு, இவ்விளையாட்டின் வழியாகவே மகனை அணுகும்படி யோசனை கூறினார். இவற்றுள் ஒன்றேனும் வீட்டார் அறிந்ததன்று.

இறுதிச் சடங்கிற்கு அச்சங்கத்தவர் சிலர் வேற்று நாடுகளிலிருந்து ஒஸ்லோ வந்து சேர்ந்தனர். பேழையின்மீது ஸ்டார்லைட் சங்கத்தின் கொடி போர்த்தப்பட்டது.

பெரிய சங்கம் ஒன்றில் மட்ஸ் ஆயிரத்தில் ஒருவராய் இருந்திருப்பின், அவர் வராத நாளை எவர் கவனித்திருப்பர்? இதனாலேயே சிறு சங்கங்கள் தம் பெயரோடு நிலைத்திருக்கக் கூட்டணிகள் உதவுமாயின், அவற்றை வரவேற்க வேண்டும் என்கின்றேன். இன்னொன்றும் உண்டு. அச்சங்கத்தார் தம் உரையாடல்களை அழியவிடாது சேர்த்து வைத்திருந்தனர். இணையத்தளத்தின் வருடக் கட்டணத்தைச் செலுத்த ஆளில்லாது போனால் இத்தகைய ஏடுகள் ஒரே இரவில் மறைந்துவிடும். மறைந்த சங்கங்கள் பலவற்றின் கதி அதுவே.

ஸ்டார்லைட் காத்து வைத்த அவ்வேடுகள் 42,000 பக்கங்கள். அவற்றை அடிப்படையாகக் கொண்டே பெஞ்சமின் றீ என்னும் நோர்வேக்காரர் இபெலினின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கினார். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவிலே அது பரிசு பெற்றது. நோயுற்ற மகன் அடுத்த அறையிலே அமர்ந்து யாரோடு என்ன பேசினான் என்பதைப் பெற்றோர் அறிந்துகொண்டதும் அப்பக்கங்களிலிருந்துதான்.