உடல் மெலியட்டும், வலுக் குறைய வேண்டாம்

1990 இலும் 2006 இலும் இடம்பெயர்ந்து மீண்ட கிராமம் அல்லைப்பிட்டி. பசியை அறிந்த மக்களிடம் "குறைத்து உண்ணுங்கள்" என்று சொல்வது எளிதல்ல. ஆயினும் நீரிழிவு எமது வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டதால் சொல்லியே ஆகவேண்டும்.

அன்று துலா மிதித்தோம், வலை இழுத்தோம், பனை ஏறினோம். இன்று நீர் இறைக்க மோட்டார், பயணத்துக்கு மோட்டார் சைக்கிள். உழைப்புக் குறைந்தது, கோப்பையில் சோறு குறையவில்லை.

இதற்கு அஞ்சிச் சிலர் தேநீரும் விசுக்கோத்துமாகப் பட்டினி கிடக்கின்றனர். நிறை குறையும், கூடவே தசையும் கரையும். பின்னர் கிணற்று வாளியும் பாரமாகும்.

குறைக்க வேண்டியவை சோறு, பிட்டு, பாண், சீனி. குறைக்கக்கூடாதவை மீன், முட்டை, பயறு, பருப்பு. மெலிய விரும்புபவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிராம் புரதம் நல்லது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் ஒரு முட்டையில் 6 கிராமும் உண்டு. ஒடியற் கூழிலும் மாவைக் குறைத்து, மீனையும் நண்டையும் பயற்றங்காயையும் கூட்டலாம்.

தசைக்கு வேலையும் வேண்டும். கிழமையில் 2 நாட்களாவது தசையை வலுவாக்கும் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து இருப்போம். நீர் நிறைத்த போத்தல்களைத் தூக்குவோம். மண்வெட்டி எடுத்துத் தோட்டம் கொத்துவோம்.

நீரிழிவு மருந்து எடுப்போரும் சிறுநீரக நோயுள்ளோரும் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தாற் போதும். அவசரம் வேண்டாம், தராசு முள் இறங்கும்போது கைப்பலமும் சேர்ந்து இறங்காதிருக்கட்டும்.